அண்ணன் தம்பிக்கு ஒரே ப்ராசசர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணாச்சி, நானும் தம்பியும் ஒரே கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு மானிட்டர், கீபோர்டு, கிராபிக்ஸ் கார்டு வைத்து, ஆளுக்கொரு விர்ச்சுவல் மெஷினில் (ஒரே கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கம்ப்யூட்டர்) ஒரே நேரத்தில் கேம் ஆட நினைக்கிறோம். ரைசன் 9 5950எக்ஸ், 7950எக்ஸ்3டி, இன்டெல் ஐ9 13900கே, இதில் எது? (பாளையங்கோட்டை)

பதில்: மொத்தம் எத்தனை கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் மூளை) என்று பார்க்காதீர்கள் தம்பி. பாகம் பிரித்தால் ஆளுக்கு என்ன வரும் என்று பாருங்கள். 5950எக்ஸில் 16 கோர், எட்டு எட்டாக இரண்டு சில்லுகளில் இருக்கிறது. ஒவ்வொரு சில்லுக்கும் 32 எம்பி கேஷ் (ப்ராசசர் சட்டென்று எடுத்துக்கொள்ளும் சின்ன நினைவகம்) தனி. ஆளுக்கு ஒரு சில்லு, சண்டையே வராது. ஆனால் எட்டையும் கொடுத்துவிடக் கூடாது. ஆளுக்கு ஏழு போதும். மிச்சம் இரண்டும், இரண்டு விர்ச்சுவல் மெஷினுக்கும் அடியில் ஓடுகிற லினக்ஸுக்கு வேண்டும்.

7950எக்ஸ்3டியில் ஒரு சில்லுக்கு 96 எம்பி கேஷ், மற்றதற்கு 32 தான். அண்ணனுக்கு நஞ்சை, தம்பிக்குப் புஞ்சை. தனி ஆளுக்கு அது அருமையான ப்ராசசர், உங்களுக்கு வேண்டாம். 13900கே-யை 24 கோர் என்று சொல்லி விற்பார்கள். அதில் பெரிய கோர் எட்டுதான், மற்ற 16-ம் சின்னது. பிரித்தால் ஆளுக்கு நாலு பெரிய கோர்.

என் கை 3டி இல்லாத 7950எக்ஸ் பக்கம்தான் போகும். அதே எட்டு எட்டு, அதே 32 எம்பி. கூடவே உள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருப்பதால், இரண்டு கார்டையும் நீங்கள் எடுத்துக்கொண்டாலும் லினக்ஸுக்குத் திரை கிடைக்கும். 5950எக்ஸில் அது கிடையாது. கை கடித்தால் 5950எக்ஸே போதும்.

ஆனால் ப்ராசசருக்கு முன்னால் மதர்போர்டைப் பாருங்கள். இதில் நான் சூடுபட்டிருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டு செருக இரண்டு நீள ஸ்லாட் இருக்கிறதே என்று ஒரு போர்டு வாங்கினேன். வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், இரண்டாவது ஸ்லாட்டில் பாதிக்கும் குறைவான தூரத்துக்குத்தான் செம்பு முள் இருந்தது. அதற்கு அப்புறம் வெறும் பிளாஸ்டிக். தகவல் போகிற பாதை, அதாவது லேன், நாலுதான் வரும். போதாததற்கு அந்த ஸ்லாட்டும் நெட்வொர்க்கும் யுஎஸ்பியும் ஒரே ஐஓஎம்எம்யு குரூப்பில், அதாவது பிரித்துக் கொடுக்க முடியாத ஒரே கட்டில், இருந்தன. குரூப்பில் ஒன்றை விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்தால் மற்றவையும் கூடவே போகும். கார்டைப் பிரிக்கவே முடியவில்லை, போர்டும் வீண். முதல் இரண்டு ஸ்லாட்டும் எட்டு எட்டு லேனாகப் பிரியுமா என்று மேனுவலில் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு ஆறு கோர் ப்ராசசர் போட்டு இரண்டு சின்ன கம்ப்யூட்டர் வாங்கினால் பெரும்பாலும் செலவு குறையும். ஒன்று படுத்துவிட்டாலும் மற்றது ஓடும். இடமில்லை, அல்லது இதைக் கற்றுக்கொள்ள ஆசை என்றால் மட்டும் ஒரே பெட்டியில் இறங்குங்கள்.

கேள்வி: நானும் நண்பனும் வேலொரன்ட் கேம் மட்டும்தான் ஆடுவோம். இப்படி ஒரே கம்ப்யூட்டரில் முடியுமா? (மேலப்பாளையம்)

பதில்: முடியாது. ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கிற அதன் வேன்கார்ட் காவல் மென்பொருள் விர்ச்சுவல் மெஷினில் ஆடவிடாது.

கேள்வி: ராத்திரி ஆஃபரில் ஐ5 12400எஃப் வாங்கினேன். கிராபிக்ஸ் கார்டு அப்புறம் வாங்கலாம் என்று இருந்தேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. பழுதான பொருளை அனுப்பிவிட்டார்களா? (அம்பாசமுத்திரம்)

பதில்: பழுது இல்லை. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். விற்பனைப் பக்கத்திலும் பெட்டியிலும் அதை எழுதித்தான் இருக்கிறது. படிக்காமல் பட்டனை அமுக்கிவிட்டு, பழுது என்று புகார் எழுதினால் எப்படி? கார்டு வாங்கிப் போடுங்கள், படம் வரும்.

கேள்வி: பழைய 13900கே பாதி விலைக்கு வருகிறது, பில் இல்லை. (வள்ளியூர்)

பதில்: வேண்டாம். 13, 14-ம் தலைமுறை ப்ராசசர்களில் வோல்டேஜ் கோளாறு இருப்பதை இன்டெல்லே 2024-ல் ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டித்தது. திருத்தம் வந்துவிட்டது, ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சில்லை அது சரிசெய்யாது.

கேள்வி: பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில் மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினேன். ஐ7 என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். உள்ளே இருப்பது ஐ3 என்று மகன் கண்டுபிடித்தான். பில்லில் ‘கம்ப்யூட்டர் செட் 1’ என்று மட்டும் இருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 12 நாள் ஆகிறது. (முக்கூடல்)

பதில்: அக்கா, தப்பு உங்கள் மேல் இல்லை. படிக்கிற பிள்ளைக்கு வாங்கியதில் இப்படிச் செய்திருக்கிறார்களே என்று வயிறு எரிகிறது.

அந்த ஒரு வரியைத்தான் நான் வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். பில்லில் அச்சடித்துவிட்டால் சட்டம் ஆகிவிடுமா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லே தராமல் இருப்பதும் அப்படித்தான். ‘கம்ப்யூட்டர் செட்’ என்று ஒற்றை வரி எழுதுவது, நாளைக்கு எதையும் மறுக்க வழி வைத்துக்கொள்வதற்குத்தான். ப்ராசசர், மதர்போர்டு, ரேம் ஒவ்வொன்றுக்கும் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் எழுதாத பில்லுக்கு யாரும் பணம் கொடுக்காதீர்கள்.

எதையும் கழற்ற வேண்டாம். திரையில் ப்ராசசர் பெயர் தெரிகிற பக்கத்தையும், பெட்டியையும், பில்லையும் மகனைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஐ7 என்று பேசிய வாட்ஸ்அப் இருந்தால் அழித்துவிடாதீர்கள். 30 நாள் முடிவதற்குள், பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில், கைக்குச் சேர்ந்ததற்கான சான்றோடு கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே போகலாம், இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. மனுவை மகனை எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.