ஆறுமணிக்குருவியைப் பிடித்துக் காட்டில் விடுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்

திருவட்டாறு அருகிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் பலாவும் அயனியும் நிற்கும் பத்து சென்ட் விளை. அக்டோபரிலிருந்து அங்கே ஒரு பறவை தங்கியிருக்கிறது. பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வெட்டிவிட்டது போல் குட்டை வால். விடியும்போதும் மாலை ஆறு மணி வாக்கிலும் விசிலடிக்கிறது. இவர் தினமும் ஒரு சட்டியில் தண்ணீரும் தட்டில் சோறும் பழமும் வைக்கிறார். இப்போது பிப்ரவரி முடியப் போகிறது. பறவைகளைக் காப்பாற்றுகிறவன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தாராம். "தீனி வச்சுப் பழக்கியாச்சு, இனி இது ஊருக்குப் போவாது. வெயில் வந்தா செத்துப் போவும். ஞாயித்துக்கெழம வலயோட வாறேன், புடிச்சு காளிகேசம் காட்டுல விட்டுருதேன்" என்றாராம். 'என் தப்பால் அது போகாமல் நின்றுவிடுமா? அவரிடம் கொடுத்துவிடட்டுமா?' என்று கேட்கிறார்.

நிற்காது. கொடுக்கவும் வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அடையாளம் ஆறுமணிக்குருவிதான். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். குளிர்காலத்துக்கு மட்டும் இங்கே வந்து திரும்பிப் போகும் வலசைப் பறவை. அது சோற்றை நம்பி வாழ்வதில்லை. சருகைப் புரட்டி மண்புழு, கறையான், வண்டு, பூச்சி என்று பொறுக்கும் பறவை அது. உங்கள் தட்டைக் காலி செய்வது பெரும்பாலும் தவிட்டுக்குருவியும் காக்கையும் அணிலும். அவை இந்த ஊரைச் சேர்ந்தவை, எங்கேயும் போகப்போவதில்லை. ஆகவே பழக்கிவிட்டோமே என்று நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

சரி, கிளம்ப வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? பகல் பொழுது நீள்வதைப் பறவையின் உடல் உணர்ந்துகொள்கிறது. ஆனால் குமரி மாவட்டத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. அதனால் வலசைப் பறவைகளுக்கு உள்ளேயே ஒரு ஆண்டுக் கடிகாரமும் ஓடுகிறது. வெளிச்சத்தின் அளவு ஆண்டு முழுக்க மாறாத அறையில் வைத்து வளர்த்த கதிர்க்குருவிகள்கூட, பருவம் வந்ததும் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, இரவில் தூங்காமல் துடித்ததை ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு தட்டுச் சோறு இந்தக் கடிகாரத்தை நிறுத்திவிட முடியாது. உங்கள் பறவை பெரும்பாலும் ஏப்ரலில் ஏதோ ஒரு இரவில் கிளம்பிவிடும். மத்திய இந்தியக் காடுகளுக்கோ இமயமலை அடிவாரத்துக்கோ போய், தென்மேற்குப் பருவமழையோடு கூடு கட்டும். இமய அடிவாரம் இங்கிருந்து நேர்க்கோட்டிலேயே 2,000 கிலோமீட்டருக்கு மேல். பறவையின் எடை 50 கிராமைச் சுற்றித்தான் இருக்கும்.

அந்தத் தூரத்துக்கான எரிபொருளை அது இப்போதுதான் சேர்க்கத் தொடங்குகிறது. இந்த நேரத்தில் அதற்கு வேண்டியது சோறு அல்ல, சருகு. நம் பக்கத்தில் தை, மாசியில் ரப்பர் இலை கொட்டி மெத்தை மாதிரிக் கிடக்கும். அதைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறோம். பறவையின் சாப்பாட்டுத் தட்டுக்கே தீ வைப்பது அது. விளையின் ஒரு மூலையில், பலா மரத்தடியில், சருகை அப்படியே விடுங்கள். பூச்சி மருந்து அடிக்காதீர்கள். தண்ணீர்ச் சட்டி ஒரு அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம். பூனை பதுங்குகிற புதருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தினமும் கவிழ்த்துக் கழுவி வைத்தால் கொசு முட்டையிட்டுப் புழு வளர நேரம் இருக்காது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. காலையில் மாற்றிய தண்ணீரைக்கூட டெங்கு என்று கவிழ்த்துவிட்டு, அபராதம் என்று மிரட்டிப் போகிறவர்கள் என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். தெரு முனையில் ஓடை அடைத்துக் கிடக்கிறது, அங்கே யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

இனி அந்த ஆளைப் பற்றி. உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அதுதான்.

காட்டில் விடுகிறேன் என்று சொல்லி வருகிறவர்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். பேச்சு எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும். முதலில் உங்களுக்கு ஒரு குற்ற உணர்ச்சியை உண்டாக்குவார்கள். அப்புறம் பறவைக்கு ஒரு ஆபத்தைச் சொல்வார்கள். கடைசியில் வலை. சிலர் பெட்ரோல் செலவு என்று உங்களிடமே காசும் கேட்பார்கள். பிடித்த பறவை காட்டுக்குப் போனதை நீங்கள் பார்க்கப் போவதில்லை. திருவிழாக் கடைகளில் சாயம் பூசிய சில்லைக் குருவிகளைக் கூண்டில் வைத்து விற்கிறார்களே, அவையும் ஏதோ ஒரு விளையிலிருந்தும் வயலிலிருந்தும் வலையில் வந்தவைதான். ஆறுமணிக்குருவியைக் கூண்டில் வைத்துப் புழுவும் பூச்சியும் கொடுத்து வளர்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. சில நாளில் செத்துவிடும்.

ஒரு பேச்சுக்கு அவர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தவறுதான். வலையில் சிக்கிச் சிறகடித்து, பையில் அடைபட்டு, வெயிலில் பைக்கில் காளிகேசம் வரை போனால், சேர்த்த கொழுப்பெல்லாம் பயத்திலேயே கரைந்துவிடும். காட்டில் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும் ஆறுமணிக்குருவிகள் புதிதாக வந்ததை விரட்டும். இந்தப் பறவை குளிர்காலத்தில் தனக்கென்று ஒரு இடத்தை வைத்துக் காக்கிற பறவை. நீங்கள் கேட்கும் அந்த விசில்கூட 'இது என் இடம்' என்ற அறிவிப்புதான்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, கொன்றால்தான் வேட்டை என்றில்லை. பிடிப்பதும் கண்ணி வைப்பதும் வேட்டைதான். இந்தப் பறவைக்கு அது மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று போகக்கூடிய குற்றம். உங்கள் விளையில் உங்கள் சம்மதத்தோடு வலை கட்டினால், நாளை கேள்வி உங்களிடமும் வரும்.

இப்படி வருகிறவர்களில் இன்னொரு வகை இருக்கிறது. படம் எடுக்கிறவர்களைக் கூட்டி வருகிறேன், ஐநூறு ரூபாய் தருகிறேன் என்பார்கள். வந்து செல்போனில் ஆறுமணிக்குருவியின் குரலைப் போடுவார்கள். வேறொன்று இடத்தைப் பிடிக்க வந்துவிட்டது என்று நினைத்து, தின்பதை விட்டுவிட்டு இது அந்தக் குரலைத் தேடி ஓடும். பத்துப் பேர் வந்து பத்து நாள் இப்படிச் செய்தால், கிளம்ப வேண்டிய நேரத்தில் உடம்பில் ஒன்றும் இருக்காது. பார்க்க ஆசை என்றால் மாலை ஐந்தரைக்கு சமையலறை ஜன்னலோரம் அசையாமல் உட்காருங்கள், அதுவே வரும்.

பறவையைக் கையால் தொடலாம் என்கிற நேரம் ஒன்றே ஒன்று. அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். இவை இரவில் பறக்கிறவை. விளக்கு வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடி ஜன்னலில் மோதி விழும். விழுந்து கிடப்பதைக் கண்டால் மெல்லிய துணியால் மூடி எடுங்கள். காலணி அட்டைப்பெட்டியில் துளை போட்டு, உள்ளே துணி விரித்து வைத்து மூடுங்கள். இருட்டும் அமைதியும்தான் மருந்து. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடும். சோறு ஊட்டாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கூப்பிட்டுத் திறந்து காட்டாதீர்கள். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து, விளையில் புதர்ப் பக்கம் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகுங்கள். இருட்டிவிட்டால் ராத்திரி பெட்டியிலேயே இருக்கட்டும், விடிந்ததும் திறங்கள். சிறகு தொங்கினாலோ நிற்க முடியாவிட்டாலோ அன்றே வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஒரு வருடம் நான் இப்படி ஒரு பறவையோடு அலைந்தேன். ஒரு இடத்தில் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்கள், டாக்டர் இருந்த இடத்தில் கடிதம் இல்லாமல் தொட முடியாது என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் பெட்டிக்குள்ளேயே அது செத்தது. 50 கிராம் உயிருக்காகக் கடிதம் எழுத ஒருவருக்கு ஐந்து நிமிடம் இல்லை. அதனால், யாருக்கு எத்தனை மணிக்குப் போன் செய்தீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விடாமல் கூப்பிடுங்கள்.

மற்றபடி, மார்ச்சில் உங்கள் விளையில் பார்க்க இன்னும் நிறைய உண்டு. வாலை மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு ரப்பர் மரத்தடியில் நடந்தால் அது கொடிக்கால் வாலாட்டி, கிழக்காசியாவிலிருந்து வந்தது. வேலிக் கம்பில் தனியாக உட்கார்ந்து கரகரவென்று கத்தும் பழுப்புக் கீச்சான் சைபீரியா, மங்கோலியா பக்கம் போகும். மஞ்சள் பறவை ஒன்று மே மாதத்திலும் போகாமல் நிற்கிறது என்று கவலைப்பட்டுச் சிலர் எழுதுவார்கள். தலை முழுக்கக் கறுப்பாக இருந்தால் அது கருந்தலை மாங்குயில், இங்கேயே கூடு கட்டுவது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தால் கேட்டைத் திறக்காமலே பேசுங்கள். பறவை தானாகப் போகும், வலை வேண்டாம் என்று சொன்னால் போதும். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பக்கத்து விளைக்குப் போய் இதையே சொல்வார், அதனால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு சனிக்கிழமையே சொல்லி வைத்துவிடுங்கள்.