வாசகர் கேள்வி பதில்: கருப்பு ஏன் கருப்பாகத் தெரியவில்லை?

கேள்வி: கும்பகோணத்தில் நீல உடலும் கருப்புக் கரையுமாக ஒரு பட்டுப்புடவை எடுத்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் கரை பழுப்படித்த மாதிரி இருக்கிறது. சாயம் மோசமா?
– வாசகி, மயிலாடுதுறை

கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வெள்ளைத்தாளில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை போட்டு, கரை மட்டும் தெரிகிற மாதிரி புடவைமேல் வையுங்கள். இப்போது நல்ல கருப்பாகத் தெரிந்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருக்கும் நீலம்தான் அப்படிக் காட்டுகிறது.

பாரிஸில் கோபெலின் என்ற அரசு நெசவுக்கூடத்திலும் இதே புகார்தான் வந்தது. கருப்பு நூல் சோகையாக இருக்கிறது என்றார்கள். அங்கே சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் ஷெவ்ரோல், வேறு இடங்களில் சாயமேற்றிய கருப்போடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார். சாயம் சரியாகவே இருந்தது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்து, 1839ல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதிவிட்டார்.

விஷயம் இதுதான்: ஒரு நிறத்தைப் பார்க்கும்போது நம் கண் அதன் எதிர் நிறத்தைப் பக்கத்து இடத்தில் லேசாக ஏற்றிவிடும். நீலத்துக்கு எதிர் ஆரஞ்சு, அது கருப்பின்மேல் ஏறினால் பழுப்புதானே தெரியும்? மஞ்சளுக்கு எதிர் ஊதா, சிவப்புக்கு எதிர் பச்சை. அரக்கு உடலில் பச்சைக் கரை போட்டால் அவ்வளவு எடுப்பாக இருப்பதும் இதனால்தான், ஒன்று மற்றதைத் தூக்கிக் கொடுக்கிறது. திருபுவனத்துத் தறிக்காரர்கள் இந்த ஜோடியை எந்தப் புத்தகமும் பார்க்காமல் போடுவார்கள். அந்தக் கண்ணுக்கு நாம் உரிய மரியாதை கொடுப்பதில்லை என்பது என் வருத்தம்.

உங்கள் புடவைக்கு மாம்பழ மஞ்சள் ரவிக்கை போட்டுப் பாருங்கள், நீலம் பளிச்சென்று எழும். அடுத்த முறை கருப்புக் கரைதான் வேண்டுமென்றால் உடலை மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ எடுங்கள். இல்லை, நீலம்தான் பிடிக்கும் என்றால் இரண்டுக்கும் நடுவில் ஜரிகைக் கோடு ஓடுகிற மாதிரி பாருங்கள்.

கேள்வி: பள்ளியில் சிவப்பு, மஞ்சள், நீலம் அடிப்படை நிறங்கள் என்கிறார்கள். செல்போன் திரையில் சிவப்பு, பச்சை, நீலமாம். எது சரி?
– மாணவர், திருவாரூர்

திரையில் வருவது ஒளி, தாளில் பூசுவது வண்ணப்பொருள். ஒளியோடு ஒளி சேர்ந்தால் வெளிச்சம் கூடும், சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சளாகும். பெயின்ட் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது, அதனால் அதே இரண்டையும் குழைத்தால் சேற்று நிறம்தான் வரும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்பது ஓவியர்களின் பழைய கணக்கு, வண்ணம் தீட்டப் பழக அது போதும். அச்சகத்தில் சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கூடவே கருப்பு. இந்தப் பத்திரிகையில் ஒரு கலர் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார், அந்த நாலு நிறத்துப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும்.

கேள்வி: மயில் கழுத்து நிறத்துக்குத் தனிச் சாயம் உண்டா?
– வாசகர், பாபநாசம்

பட்டில் தேவையில்லை. பாவு, அதாவது நீளவாட்டு நூல், நீலம்; ஊடை, அதாவது குறுக்கு நூல், பச்சை. மடிப்பு திரும்பும்போது ஒரு பக்கம் ஒரு நூல் தூக்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.