சொத்தும் திருமணமும்: வாசகர் கேள்விகளுக்குச் சட்டப் பதில்கள்

1987-ல் எனக்குத் திருமணம். அப்பா 2001-ல் காலமானார். பூர்வீக நிலத்தில் பங்கு உண்டா? (வாசகி, மதுரை)

உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989-ல் தமிழகம் செய்த திருத்தம், அதற்கு முன்பே மணமான உங்களுக்குக் கைகொடுக்காது. 2005 மத்தியத் திருத்தம் கொடுக்கும். அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருந்தால் பங்கு கேட்க முடியாது. பதிவானதா? முக்கியமான அதை எழுதவே இல்லையே! முதலில் வில்லங்கச் சான்று எடுங்கள்.

சுன்னி முஸ்லிம் நான். மகளுக்கே முழுச் சொத்தையும் உயில் எழுதலாமா? (வாசகர், வேலூர்)

மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் முடியாது. உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக (இஸ்லாமியச் சட்டப்படியான தானமாக) கொடுக்கலாம். சொத்தை அவர் கையில் ஒப்படைத்தால்தான் செல்லும்.

மகள் விதவை, குழந்தை இல்லை. சொந்தச் சம்பளத்தில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறாள். அவளுக்குப் பிறகு எங்களுக்குத்தானே? (ஒரு தாய், திருச்சி)

இல்லை அம்மா. உயில் இல்லாவிட்டால் கணவர் வீட்டாருக்குப் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டம், 15-ஆம் பிரிவு. மகன் இறந்தால் தாய் முதல் வரிசை வாரிசு. மகள் சம்பாதித்ததற்கோ கணவரின் வாரிசுகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஒரு வழக்கைச் சொல்கிறேன். நாராயணி தேவி என்பவர் மணமான மூன்றே மாதத்தில் கணவரை இழந்தார். புகுந்த வீடு துரத்திவிட்டது. பிறந்த வீட்டில் இருந்து படித்தார், வேலை பார்த்தார், சேமித்தார். அவர் இறந்ததும் தாய் உரிமை கேட்டார். கணவருடைய சகோதரியின் மகன்களுக்கே என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. பொது சிவில் சட்டம் என்றதும் மதத்துக்கு மதம் உள்ள வித்தியாசத்தையே பேசுகிறோம். ஒரே சட்டத்துக்குள் ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை இருப்பதை யார் கேட்பது? சமத்துவம் பேசும் அரசியல் சட்டம் 14-வது பிரிவு இந்த வீட்டுக்குள்ளும் வர வேண்டாமா?

நாமினி போட்டிருக்கிறோம் என்று சமாதானம் ஆகாதீர்கள். நாமினி வாரிசு அல்ல. மகளை இந்த வாரமே உயில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள்.

கோவாவில் பொதுச் சட்டம் இருக்கிறதே, நீதிமன்றம் ஏன் நாடு முழுக்கக் கொண்டுவரவில்லை? (வாசகர், கோவை)

பொது சிவில் சட்டம் பற்றிய அரசியல் சட்டம் 44-வது பிரிவு அரசுக்கான வழிகாட்டு நெறி மட்டுமே. வழக்குப் போட்டு அமல்படுத்த முடியாது. உத்தராகண்டில் 2025-ல் அமலுக்கு வந்த பொது சிவில் சட்டத்திலும் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு.

நான் இந்து, அவர் கிறிஸ்தவர். அடுத்த வாரம் பதிவுத் திருமணம் செய்யலாமா? (வாசகர், சென்னை)

சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் உண்டு. திருமணத்தோடு கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவர் ஆகிவிடுவீர்கள். உங்கள் வாரிசுரிமையும் 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்கு மாறும். கையெழுத்துப் போட்ட கையோடு இருவரும் உயில் எழுதுங்கள்.