எது சொன்னாலும் தலையாட்டும் இன்டர்னிடம் வேலை வாங்குவது எப்படி?

கேள்வி: எங்கள் பிரிவில் புதிதாக ஒரு இன்டர்ன் சேர்ந்திருக்கிறார். என் பக்கத்து இருக்கைதான். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார். சாயங்காலம் பார்த்தால் வேலை நகர்ந்தே இருக்காது. எப்படிச் சமாளிப்பது?

பதில்:

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை முதலில் விடுங்கள். அதற்கு எந்த இன்டர்னும் "புரியலை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "எதிலிருந்து ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

தலையாட்டுவதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் நாம் சொன்னதுதான் அரைகுறையாக இருக்கும். 1990-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளை ஒருவர் மேசையில் தாளமாகத் தட்ட வேண்டும். இன்னொருவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதியாவது சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். சரியாகச் சொல்லப்பட்டவை 120-க்கு 3. தட்டுகிறவர் மனசில் முழுப் பாட்டும் ஓடுகிறது, கேட்கிறவருக்கோ வெறும் டொக் டொக். "போன மாச ரிப்போர்ட் மாதிரியே போட்டுடுங்க" என்று நாம் சொல்வதும் அந்த டொக் டொக்தான். எந்த ஃபைல், யாரிடம் அனுமதி வாங்குவது, எதுவரை செய்தால் போதும், எதுவுமே அதில் இல்லை. (ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்கும் பழக்கமே இப்போது பலருக்கு இல்லை. எல்லாவற்றையும் தேடல் பெட்டியில் தேடியே வளர்ந்தவர்கள். "வழக்கமான இடத்தில் இருக்கும்" என்றால் அவர் எங்கே போவார்?)

நான் ஒரு கெடு சொல்லிவிடுவேன்: அரை மணி நேரம் முட்டி மோதிப் பாருங்க, அப்புறமும் நகரலைன்னா எழுந்து வந்து கேளுங்க. இப்படிச் சொல்லிவிட்டால், நம்மைத் தொந்தரவு செய்கிறோமோ என்ற கூச்சம் குறைந்துவிடும். வரும்போது, இதுவரை என்னென்ன செய்து பார்த்தார் என்று சொல்லச் சொல்லுங்கள். பாதி நேரம், சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கே விடை கிடைத்துவிடும்.

கொடுக்கிற வேலை சின்னதாகவே இருக்கட்டும். ஆனால் அதற்காக யாராவது காத்திருக்க வேண்டும். யாரும் திறந்து பார்க்காத ஸ்லைடுகளை அழகுபடுத்தச் சொன்னால், அது வெட்டி வேலை என்று ரெண்டாவது நாளே அவருக்குத் தெரிந்துவிடும்.

அவர் "ஏன்?" என்று கேட்டால் மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். என்னோடு இருந்த ஓர் இன்டர்ன், "இதை ஏன் இன்னும் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்திலேயே சேமிக்கிறோம்?" என்று கேட்டார். யாருக்கும் காரணம் தெரியவில்லை, யாரோ எப்போதோ ஆரம்பித்து வைத்தது. எக்ஸ்எல்எஸ் என்ற அந்தப் பழைய எக்ஸெல் வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகள்தான் கொள்ளும், புதியதில் 10,48,576. 2020-ல் இங்கிலாந்தின் கொரோனா கணக்கிலிருந்து ஏறத்தாழ 16,000 பேர் விடுபட்டுப் போனது இந்த வரம்பால்தான். எங்கள் ஃபைல் அவ்வளவு பெரிசில்லை. இருந்தாலும் அன்றைக்கே மாற்றிவிட்டோம்.

அப்புறம், அவர் செய்ததில் தப்பு இருந்தால் நீங்களே சத்தமில்லாமல் திருத்தி அனுப்பிவிடாதீர்கள். அடுத்த முறையும் அதே தப்பு வரும். மவுஸ் அவர் கையில் இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். கடைசி நேர நெருக்கடி என்றால் சரி, நீங்களே முடித்து அனுப்புங்கள். மறுநாள் காலையில் எதை மாற்றினீர்கள் என்று காட்டிவிடுங்கள்.