"இரண்டும் ஒன்றுதான்" என்கிறாரே விற்பவர்: மாடுலர் வீடு, மேனுஃபேக்சர்டு வீடு

கேள்வி: டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டனில் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்தில் பிரஸோரியா கவுண்டியில் (மாவட்டம் போன்றது) ஒரு ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறோம். அதில் வைக்க, தொழிற்சாலையில் கட்டிய மூன்று படுக்கையறை வீடு ஒன்றைப் பார்த்தோம். உள்ளே நின்றால் சாதாரண வீடு போலவே இருக்கிறது, விலையும் குறைவு. "இது மேனுஃபேக்சர்டு, மாடுலரும் இதுவும் ஒன்றுதான், பெயர்தான் வேறு" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். இரண்டும் தொழிற்சாலையில் கட்டப்படுபவை என்பதோடு ஒற்றுமை முடிகிறது. எந்தச் சட்டத்தின்படி கட்டப்பட்டது என்பதில்தான் வித்தியாசம். கடன், வரி, மறுவிற்பனை எல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

மேனுஃபேக்சர்டு வீட்டுக்கு அமெரிக்கா முழுவதும் ஒரே விதி. மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட் வகுத்த அந்த விதி 1976 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கட்டியவை டெக்சஸ் சட்டப்படி மொபைல் ஹோம். இந்த வீட்டின் அடியில் நிரந்தரமான இரும்புச் சட்டம், அதாவது சேசிஸ், இருக்கும். சக்கரம் பூட்டி அதன் மேலேயே இழுத்து வருவார்கள். மாடுலர் வீடு அப்படியல்ல. மனையிலேயே செங்கலோ மரமோ வைத்துக் கட்டும் வீட்டுக்கு உள்ள கட்டட விதிதான் அதற்கும். பகுதி பகுதியாக லாரியில் வந்து, கிரேன் மூலம் நிரந்தர அஸ்திவாரத்தில் இறங்கும். டெக்சஸில் இவற்றைப் பார்த்துக்கொள்ளும் துறைகளே வேறு வேறு. மாடுலருக்கு உரிமம் மற்றும் ஒழுங்குமுறைத் துறை, மேனுஃபேக்சர்டுக்கு வீட்டுவசதி மற்றும் சமூக விவகாரத் துறை.

விற்பவர் வாயைப் பார்க்காமல் வீட்டைப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியின் வெளிச்சுவரிலும் சின்னதாக ஒரு சிவப்பு உலோகத் தகடு அடித்திருந்தால் அது ஹட் விதிப்படி கட்டிய வீடு. உள்ளே சமையலறை அலமாரியிலோ, மின் பேனல் பக்கத்திலோ, படுக்கையறை அலமாரியிலோ ஒரு விவரத்தாள் ஒட்டியிருக்கும். அதை உட்கார்ந்து படியுங்கள், உங்களுக்கு அது மிக முக்கியம். வீடு எந்தக் காற்று மண்டலத்துக்கு, அதாவது புயல்காற்றின் வேகத்தை வைத்துப் பிரித்த எந்தப் பகுதிக்கு, ஏற்றது என்று அதில் போட்டிருக்கும். 1992இல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவில் இத்தகைய வீடுகளைத் துவம்சம் செய்த பிறகு, 1994இல் இந்த மண்டல விதிகளைக் கடுமையாக்கினார்கள். ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி முதல் மண்டலம். உங்கள் பிரஸோரியா இரண்டாவது, காற்று இன்னும் கடுமையாக வீசக்கூடிய பகுதி. முதல் மண்டலத்துக்கென்று கட்டிய வீட்டை அங்கே நிறுவக் கூடாது. விலை குறைவு என்றீர்களே, காரணம் இதுவாகவும் இருக்கலாம். தாளில் இரண்டு அல்லது மூன்று என்று இல்லாவிட்டால் அந்த வீட்டை மறந்துவிடுங்கள்.

அடுத்தது கடன். நிறையக் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாடுலர் வீட்டுக்கு வழக்கமான வீட்டுக் கடன் கிடைக்கும். மேனுஃபேக்சர்டு வீடோ பெரும்பாலும் கார் போல அசையும் பொருளாகவே கணக்கில் வருகிறது. அதற்கேற்ற அசையும் சொத்துக் கடன் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் வட்டி அதிகம், தவணைக்காலம் குறைவு. தவணை தவறினால் வீட்டைப் பறிப்பதும் எளிது. சொந்த நிலம் இருப்பவர்கள்கூட இந்தக் கடனில் போய் விழுகிறார்கள், ஏனென்றால் விற்பனை மையத்தில் முதலில் நீட்டப்படும் காகிதம் அதுதான். உங்களிடம் நிலம் இருக்கிறது. வீட்டை நிரந்தர அஸ்திவாரத்தில் நிறுத்தி, அசையாச் சொத்தாகப் பதிவு செய்தால் அடமானக் கடனுக்குப் போகலாம். டெக்சஸில் இதற்கு 'ஸ்டேட்மென்ட் ஆஃப் ஓனர்ஷிப்' என்ற உரிமை ஆவணத்தில் அசையாச் சொத்து என்று தேர்வு செய்து, அதன் சான்றிட்ட நகலைக் கவுண்டி நிலப்பதிவேட்டில் பதிய வேண்டும். விற்பவர் காட்டும் கடன்காரரோடு நிற்காமல், ஒரு கிரெடிட் யூனியனிலும் (உறுப்பினர்களுக்கான கூட்டுறவு வங்கி போன்றது) ஒரு வங்கியிலும் எழுத்தில் விவரம் வாங்குங்கள்.

இன்னொன்று. உங்கள் நிலப் பத்திரத்தில் மேனுஃபேக்சர்டு வீடு கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். வெள்ள அபாய வரைபடத்தையும், காப்பீட்டுக் கட்டணத்தையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மேனுஃபேக்சர்டு வீடு தாராளமாக வாங்கலாம். ஹட் விதிப்படி இன்று கட்டப்படும் வீடு மட்டமானதல்ல. மாடுலர் விலைக்கு மேனுஃபேக்சர்டை வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை.

கேள்வி: டாலஸ் பக்கம், இத்தகைய வீடுகளை நிறுத்த மனை வாடகைக்கு விடும் ஒரு பார்க்கில் பழைய மேனுஃபேக்சர்டு வீடு மலிவாக வருகிறது. மனைக்கு மாத வாடகை. முதல் வீடாக வாங்கலாமா?

பதில்: எனக்கு மனம் ஒப்பவில்லை. வீடு உங்களுடையது, கீழே உள்ள மண் வேறொருவருடையது. மனை வாடகை ஏறினால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது பேச்சுக்குத்தான் சரி. இடமாற்றச் செலவு பெரியது, பழைய வீடு பயணத்தைத் தாங்காமலும் போகலாம். வாங்கியே ஆக வேண்டுமென்றால், மனைக் குத்தகை எத்தனை ஆண்டு, வாடகை எப்படி ஏறும் என்பதை எழுத்தில் கேளுங்கள். மாநில வீட்டுவசதித் துறையின் இணையப் பதிவில் உரிமையாளர் யார், வரி பாக்கி உண்டா என்று தேடலாம். சிவப்புத் தகடு கழன்று போயிருந்தால், ஐபிடிஎஸ் என்ற அமைப்பிடம் அதற்கான உறுதிக் கடிதம் கேட்கலாம். 1976க்கு முந்தைய வீடு என்றால் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மாடுலர் வீட்டுக்கு விளம்பரத்தில் போடும் விலை முழு விலையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அது தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் பகுதிகளின் விலை. அஸ்திவாரம், கிரேன், கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்பு, உள்ளே வரும் பாதை எல்லாம் தனிக் கணக்கு. பகுதிகள் சேரும் இடத்தில் பிறகு விரிசல் வந்தால் தொழிற்சாலை மனை ஒப்பந்ததாரரைக் கைகாட்டும், அவர் தொழிற்சாலையைக் கைகாட்டுவார். அந்த இணைப்பு வேலைக்கு யார் பொறுப்பு, எத்தனை மாதம் உத்தரவாதம் என்பதை ஒரே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.