சம்பளம் கூடினால் பிள்ளைகளின் மெடிக்கெய்ட் போய்விடுமா?

கேள்வி: டெக்சாஸில் டல்லஸ் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு வேலை போன சமயத்தில், இங்கேயே பிறந்த எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் (வயது 4, 9) மெடிக்கெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, கிடைத்தது. மூன்று மாதம்தான் ஆகிறது. இப்போது அவருக்கு நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்துவிட்டது. அதைச் சொன்னால் கார்டை நிறுத்திவிடுவார்களா? சின்னவனுக்கு ஆஸ்துமா. நடுவில் மருந்து நின்றுவிடக் கூடாது.

பதில்: நிறுத்த முடியாது, தைரியமாகச் சொல்லுங்கள். 2022 டிசம்பரில் கையெழுத்தான அமெரிக்க நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல், 19 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மெடிக்கெய்டோ சிப் காப்பீடோ (மெடிக்கெய்ட் வருமான வரம்பைச் சற்றுத் தாண்டிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கான அரசுக் காப்பீடு) கிடைத்துவிட்டால் 12 மாதம் அது தொடர்ந்தாக வேண்டும். இடையில் பெற்றோரின் வருமானம் எவ்வளவு உயர்ந்தாலும் சரி. டெக்சாஸ் உட்பட எல்லா மாநிலங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை.

பிள்ளைக்கு 19 வயது முடிவது, வேறு மாநிலத்துக்குக் குடிபோவது, நீங்களே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. விண்ணப்பத்தில் பொய் சொல்லியிருந்தாலும் பாதுகாப்பு போய்விடும். அன்று உண்மையாகவே வேலை இல்லை என்பதால் உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். புதிய சம்பளத்தை மட்டும் மறைக்காதீர்கள். மாற்றத்தைத் தெரிவிப்பது உங்கள் கடமை, தெரிவித்ததற்காகக் கார்டு பறிபோகாது.

கணவரின் அலுவலகக் காப்பீட்டில் பிள்ளைகளை இப்போதே சேர்க்கலாமா என்றும் யோசிப்பீர்கள். சேர்த்தால் அதையும் மெடிக்கெய்டுக்குச் சொல்ல வேண்டும். அலுவலகக் காப்பீடு முதலில் பணம் கட்டும், மிச்சத்தை மெடிக்கெய்ட் பார்த்துக்கொள்ளும். காத்திருந்தாலும் பரவாயில்லை. பிறகு மெடிக்கெய்ட் முடிந்தால், அந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் கேட்டால் அலுவலகக் காப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த 60 நாள் கணக்கைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

அப்புறம், நான் உண்மையில் கவலைப்படுவது 12 மாதம் முடியும்போது வரும் புதுப்பித்தலைப் பற்றித்தான். கோவிட் காலத்தில் யாரையும் நீக்கக் கூடாது என்றிருந்த விதி 2023 மார்ச் 31-ஓடு முடிந்தது. அதன்பின் நாடு முழுக்க இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் மெடிக்கெய்டை இழந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 10-க்கு 7 பேர் தகுதி இல்லை என்று முடிவாகி வெளியேறியவர்கள் அல்ல. படிவம் திரும்பி வரவில்லை, கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டது, காகிதம் குறைகிறது என்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டவர்கள். தகுதியுள்ள குழந்தை ஒரு கவர் தவறியதால் மருந்தில்லாமல் நிற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால் வீடு மாறினால் அன்றே 211 என்ற டெக்சாஸ் உதவி எண்ணுக்கு அழைத்து முகவரியை மாற்றுங்கள். புதுப்பித்தல் படிவம் வந்தால், புதிய சம்பளத்துக்கு எப்படியும் கிடைக்காது என்று தோன்றினாலும் நிரப்பி அனுப்புங்கள். மெடிக்கெய்ட் வரம்பைத் தாண்டினாலும் சிப் வரம்புக்குள் இருந்தால் பிள்ளைகளை அதற்கு மாற்றுவார்கள். அனுப்பத் தவறி நிறுத்தப்பட்டுவிட்டாலும், 90 நாளுக்குள் படிவத்தைக் கொடுத்தால் புது விண்ணப்பம் இல்லாமலே பரிசீலிக்க வேண்டும்.

2025 ஜூலையில் வந்த சட்டத்தால் இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதி பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கலாம். அது மெடிக்கெய்டை வருமானம் குறைந்த பெரியவர்கள் இன்னும் பலருக்கு விரிவாக்கிய மாநிலங்களில், அந்த விரிவாக்கத்தால் சேர்ந்த பெரியவர்களுக்கானது. டெக்சாஸ் விரிவாக்கவே இல்லை. பிள்ளைகளின் 12 மாதம் அப்படியே இருக்கிறது.

ஒருவேளை நடுவிலேயே "நிறுத்துகிறோம்" என்று கடிதம் வந்தால், அதில் போட்டிருக்கும் தேதிக்கு முன்பே மேல்முறையீடு செய்யுங்கள். விசாரணை முடியும்வரை காப்பீடு தொடர வேண்டும் என்றும் அதிலேயே எழுதிக் கேளுங்கள். சின்னவனின் இன்ஹேலர் அதுவரை தடையில்லாமல் கிடைக்கும்.