நியூஸ்ல வர்ற நோயும் நம்ம ஊர் கேம்ப்பும்: ராம்நாடு கடலோரத்துக்கு ஒரு கேள்வி பதில்

வணக்கம் மக்களே. கடலோர ஊர்கள்ல ஹெல்த் வேலை பாக்குற ஒரு சின்ன டிரஸ்ட்ல இருக்கேன். டாக்டர் கிடையாது, அதனால மருந்து கேக்காதீங்க. பேப்பர்ல டிவில வர்ற ஹெல்த் நியூஸ வச்சு ஊருக்குள்ள என்ன வேலை செய்யலாம்னு கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

மண்டபம், தன்னார்வலர்: அக்கா, தினம் ஒரு புது நோய் பேரு வருது. எத எடுக்குறது, எத விடுறது?

நோய் பேர நான் பாக்குறதே இல்லம்மா, அது எது வழியா பரவுதுன்னு பாப்பேன், அந்த வழி நம்ம ஊர்ல இருந்தா எடுத்துக்குவேன், இல்லனா கேட்டவங்களுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு விட்டுருவேன். அப்புறம் பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) நர்ஸம்மாட்டயோ ஹெல்த் இன்ஸ்பெக்டர்ட்டயோ ஒரு போன், "இந்த வாரம் என்ன காய்ச்சல் வருது"ன்னு. டிவி சொல்றதும் அவங்க சொல்றதும் பல நேரம் ஒத்தே போகாது, அப்ப நான் நர்ஸம்மா பக்கம்தான்.

ஆனா சம்பந்தமில்லாத நியூஸும் வீண் இல்ல. 2025 ஜனவரில எச்எம்பிவி எச்எம்பிவின்னு ஒரே அலறல், சளி இருமல் குடுக்குற அது, 2001லயே நெதர்லாந்துல கண்டுபிடிச்ச பழைய வைரஸ். ஆனா ஊரே இருமலப் பத்தி பேசுச்சுல்ல? நாங்க அந்த நேரம் பாத்து, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கவங்க சளி டெஸ்ட் எடுங்கன்னு வீடு வீடா சொன்னோம். மத்த நாள்ல டிபின்னு சொன்னாலே கதவ சாத்துறவங்க அன்னைக்கு உக்கார வச்சு கேட்டாங்க. சிகிச்சைல இருக்கவங்களுக்கு சத்துணவுக்குன்னு கவர்மென்ட் குடுக்குற மாசம் 500 ரூபா, 2024 நவம்பர்ல இருந்து 1000 ஆயிருக்கு, அதையும் சேத்தே சொல்லிட்டோம். பயம் வந்தாதான் ஜனங்க காது தொறக்கும், அந்த கேப்ல நம்ம ஊர் விஷயத்த உள்ள தள்ளிரணும், என் வேலையே அவ்வளவுதான்.

ராமேஸ்வரம், ஆட்டோ ஓட்டுறேன்: கேரளால மூளை தின்னும் அமீபாங்குறாங்களே, அக்னி தீர்த்தக் கடல்ல குளிச்சா வருமான்னு யாத்திரைக்கு வர்றவங்க கேக்குறாங்க, என்ன சொல்ல?

கடல்ல வராது தம்பி, தைரியமா சொல்லுங்க. நெக்லேரியாங்குற அந்த அமீபா உப்புத்தண்ணில வாழாது, வெதுவெதுப்பான நல்ல தண்ணிலதான் இருக்கும். குடிச்சாலும் வராது, மூக்கு வழியா ஏறுனாத்தான் வரும். அதனால வெயில் காலத்துல தண்ணி வத்திப் போன ஊருணில பயலுக டைவ் அடிக்கிறதத்தான் தடுக்கணும், முகத்த முக்கி கலக்கி விளையாடுறதும் வேணாம்.

இது ரொம்ப அபூர்வமான நோய். அதே ஊருணித் தண்ணிய காய்ச்சாம குடிச்சு வாந்திபேதி ஆகுறது அபூர்வமே இல்ல. அதனால அமீபான்னு கூப்புட்டு உக்கார வச்சு ஓஆர்எஸ் கரைக்க சொல்லிக் குடுங்க. பாதிப்பேரு பெரிய பாக்கெட்ட பிரிச்சு ஒரு டம்ளர்ல கொஞ்சமா கொட்டி கலக்குறாங்க, மீதிய மடிச்சு அலமாரில வச்சுர்றாங்க. முழு பாக்கெட்டையும் ஒரு லிட்டர்ல கரைச்சு 24 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், மிச்சம் இருந்தா கீழ ஊத்திரணும்.

கீழக்கரை: ராத்தா, மழை ஆரம்பிச்சாலே டெங்கு நியூஸ்தான். எங்க தெருவுல சாக்கடையே இல்லயே, கொசு எங்கிட்டு இருந்து வருது?

சாக்கடைய விடுங்கமா, வீட்டுக்குள்ள டிரம்ம பாருங்க. டெங்கு கொசு பகல்ல கடிக்கிற கொசு, நல்ல தண்ணிலதான் முட்டை விடும், நம்ம ஊர்ல காவிரித் தண்ணி வர்ற அன்னைக்கு குடம், டிரம், தொட்டின்னு எல்லாத்துலயும் புடிச்சு வைக்கிறோம்ல, அதுதான் அதுக்கு வீடு. தண்ணிய கொட்டிட்டா மட்டும் போதாது. தண்ணி நின்ன மட்டத்துல உள்பக்கம் கறுப்பா பொடிப்பொடியா ஒட்டியிருக்கும், அது முட்டை, காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது, மறுபடி தண்ணி ஏறுன உடனே பொரிச்சிரும். தேங்காநார் வச்சு அந்த வளையத்த அழுத்தித் தேய்க்கணும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால வாரம் ஒரு தடவ. ஜமாத்துல சொல்லி ஜும்ஆ அன்னைக்கு ஒரு அறிவிப்பு குடுக்க சொல்லுங்க, நாம நோட்டீஸ் அடிக்கிறத விட அது போய்ச் சேரும்.

சாயல்குடி பக்கம்: ஸ்க்ரப் டைஃபஸ்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு, நமக்கு ஏதும் சம்பந்தம் இருக்காக்கா?

நல்லாவே இருக்கு, இந்த கேள்விக்குத்தான் காத்திருந்தேன். உண்ணிக் காய்ச்சல்தான் அது. புதர்ல இருக்குற கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிச்சு வர்றது, சீமைக்கருவேல விறகு வெட்டுறவங்க, கரிமூட்டம் போடுறவங்க, ஆடு மேய்க்கிறவங்க எல்லாம் அந்தப் புதருக்குள்ளதான் நாள் முழுக்க கிடக்குறாங்க. கடிச்சது வலிக்காது. சில நாள் கழிச்சு காய்ச்சல், மண்டையிடி. கடிச்ச இடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்பா ஒரு பொருக்கு, சுத்தி சிவப்பா. எல்லாருக்கும் அது இருக்காது, இருந்தாலும் எங்க இருக்கும்? அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ, பாவாடை நாடா இறுக்குற இடம். ஆம்பள டாக்டர்ட்ட எந்தப் பொம்பளயும் காட்ட மாட்டா, அவரும் கேக்க மாட்டாரு, அதனால தன்னார்வலர் பொண்ணுங்க வீட்டுக்குள்ள வச்சு, காய்ச்சல்காரம்மாட்ட "இடுப்புல எதுவும் பொருக்கு இருக்கா"ன்னு கேட்டுட்டு, டாக்டர்ட்ட அத சொல்லச் சொல்லி அனுப்பணும். சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண டாக்சிசைக்ளின் மாத்திரையிலயே கேக்கும், விட்டா நுரையீரல் கிட்னின்னு போய் ஐசியூல படுக்க வைக்கும். டெங்கு டெஸ்ட்ல இல்லன்னு வந்தும் காய்ச்சல் விடலனா டாக்டர்ட்ட இத ஞாபகப்படுத்துங்க.

பெரியபட்டினம்: இருமல் மருந்து விவகாரம் வந்தப்ப என்ன பண்ணீங்க?

2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசத்துல இருமல் சிரப் குடிச்ச குழந்தைங்க செத்துச்சே, அதுவா. ரெண்டு வயசுக்குக் கீழ சளி இருமல் சிரப் குடுக்கவே கூடாது, அஞ்சு வயசுக்குள்ள பொதுவா தேவையில்லன்னு மத்திய அரசு அப்பவே சொல்லிருச்சு. பால்வாடில அம்மாமார்கிட்ட அத மட்டும்தான் சொன்னோம். வீட்ல இருந்த பழைய பாட்டில எல்லாம் எடுத்துட்டு வந்துட்டாங்க, ஒரு பை நெறஞ்சு போச்சு.

தங்கச்சிமடம்: கேம்ப் போட்டா ஆம்பளைங்க வர்றதே இல்லயே.

கடல்ல கிடக்குறவன் எப்படி வருவான்? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரைல. அப்ப பிபி, சுகர் மெஷினத் தூக்கிக்கிட்டு வலை பின்னுற இடத்துக்கே போங்க, ஹாலுக்குக் கூப்பிடாதீங்க. அந்த ரெண்டு மாசம் டிவில வெயில் நியூஸ்தான் ஓடும், அதச் சொல்லி பேச்ச ஆரம்பிக்கலாம். பிபி இருக்குன்னு தெரிஞ்சவங்க பேர மக்களைத் தேடி மருத்துவம் அக்காட்ட குடுத்துருங்க, மாத்திரை வீட்டுக்கே வரும். நாம பாத்துட்டு வந்துட்டா மட்டும் பிரயோஜனம் இல்ல.

ஏர்வாடி: மனநல நியூஸ் பத்தி பேசலாமா? இங்க பேசவே பயப்படுறாங்க.

பயப்படத்தான் செய்வாங்க. 2001 ஆகஸ்ட் 6ல காப்பகத்துல சங்கிலில கட்டிக் கிடந்த மனநோயாளிங்க 28 பேர் தீயில போனத அந்த ஊர் மறக்கல. தர்காவுக்குப் போகாதேன்னு மட்டும் ஆரம்பிச்சிராதீங்க, அதோட கதவு மூடிரும். துஆ ஒரு பக்கம் நடக்கட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும்னு பேசுங்க. ராத்திரில யார்ட்டயாச்சும் பேசணும்னா 14416க்கு போன் போடச் சொல்லுங்க, டெலிமானஸ்ங்குற கவர்மென்ட் மனநல உதவி நம்பர் அது, காசில்லாம தமிழ்லயே பேசுவாங்க. தற்கொலை நியூஸ மட்டும் கேம்ப்ல எடுக்கவே எடுக்காதீங்க, எப்படி செத்தான்னு விவரிக்கிற பேச்சே ஆபத்து.

தொண்டி: நியூஸ் கட்டிங்க அப்படியே வாட்ஸப்ல போட்டு விடலாமா?

வேணாம். யாரும் படிக்க மாட்டாங்க, தலைப்ப மட்டும் பாத்துட்டு பயந்து நாலு பேருக்கு அனுப்புவாங்க. நம்ம பேச்சுல ஒரு நிமிச வாய்ஸ் நோட், முதல்ல தேதி, அப்புறம் நம்ம ஊருக்கு வருமா வராதா, என்ன செய்யணும், அவ்வளவுதான். தேதிய மட்டும் விட்றாதீங்க, இல்லனா அடுத்த வருசம் எவனாவது அதையே புது நியூஸ்னு சுத்த விடுவான்.